விட்டு வைத்த வரி

பழைய பிஸ்கட் டின்னுக்குள் ஜெசிந்தா தன் போனைப் போட்டபோது மணி ஒன்பது பத்து. போடுவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மூன்று பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்று. முதல் இரண்டுக்கும் எதிரே பச்சை. மூன்றாவதாக இருந்த பேராசிரியர் தணிகாசலத்தின் பெயருக்கு எதிரே சிவப்பு. சிபாரிசுக் கடிதம் இன்னும் வரவில்லை. நேற்றும் அப்படித்தான் இருந்தது, முந்தாநாளும் அப்படித்தான். "போதும் மேடம், உள்ள போடுங்க. இன்னிக்கு ஸ்குவாட் வர்ற நாள்" என்று சிஸ்டர் பிரிஜித் டின்னை நீட்டிக்கொண்டே நின்றார். தேர்வுக்குத் தலைமைக் கண்காணிப்பாளர் அவர்தான்; டின் நிரம்பினால்தான் அவருக்கு மூச்சு வரும். அமெரிக்காவில் ஏதோ ஒரு பல்கலைக்கழகம், அவள் படத்தில் மட்டும் பார்த்த செங்கல் கட்டடம், தத்துவத்தில் முனைவர் படிப்புக்கான விண்ணப்பங்களை அந்த ஊர் இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு மூடுகிறது. திருச்சி பாலக்கரையில் அப்போது காலை பத்து இருபத்தொன்பது. அந்த நேரத்தில் அவள் இரண்டாம் மாடியில் இருபத்திரண்டாம் எண் அறையில் முப்பது பெண்களுக்கு நடுவே உட்காராமல், பேசாமல், நடந்துகொண்டிருக்க வேண்டும். கடிதங்களும் அதற்குள் வந்தாக வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வயது இருபத்தொன்பது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கிற கௌரவ விரிவுரையாளர் வேலை. கௌரவம் மட்டும் தாராளம். டின்னின் மூடி விழுந்த சத்தம் படி ஏறி முடிக்கும்வரை காதில் இருந்தது.

ஒன்பதரைக்கு மணி அடித்தது. வினாத்தாளைக் கொடுத்துவிட்டு மூன்று வரிசைகளுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த வானம், பெய்யாமல் அப்படியே நின்றுவிட்டது. டியூப் லைட் போட்டும் அறைக்குள் சாயங்காலம் மாதிரி இருந்தது. வராந்தாவில் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் காற்றில் சுற்றிச் சுற்றி வந்து தூணில் இடித்தது. சுவர்க் கடிகாரம் கொஞ்சம் வேகம். நாலு நிமிஷமா ஆறு நிமிஷமா என்று இந்தக் கல்லூரியில் இதுவரை யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. பத்து இருபத்தொன்பது என்றால் இதில் பத்து முப்பத்து மூன்றாக இருக்கலாம், முப்பத்தைந்தாகவும் இருக்கலாம். தணிகாசலம் சார் கடிதத்தைப் போட்டுவிடுவார். காலை எட்டு மணிக்குப் பேசும்போது சொன்னாரே, "மருமக இன்னிக்கு லீவும்மா, அவ போட்டுடுவா. நீ டியூட்டிக்குப் போயிட்டு வா" என்று. சென்ற வாரமும் மருமகள் லீவு. அதற்கு முன் கண்ணுக்குச் சொட்டு மருந்து. அதற்கும் முன், கடவுச்சொல் எழுதிய சீட்டு சட்டைப் பையோடு துவைக்கப் போய்விட்டது. நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நல்லவர்களை எத்தனை தரம்தான் ஞாபகப்படுத்துவது? ஒவ்வொரு தரமும் 'தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார்' என்று ஆரம்பித்து, அவருடைய முழங்கால் வலியை விசாரித்து, மருமகளை விசாரித்து, கடைசியில் போனை வைக்கப்போகிற நேரத்தில், இப்போதுதான் நினைவு வந்ததுபோல, "அந்த லெட்டர் சார்" என்று இழுக்க வேண்டும். இந்த ஒரு மாதத்தில் அவருடைய முழங்காலைப் பற்றி அவருடைய டாக்டரைவிட அவளுக்கு அதிகம் தெரிந்துவிட்டது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் கூடுதல் தாள் கேட்டாள். கொடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். தேதி டிசம்பர் பதினாறு என்று எழுதும்போது, அங்கே இன்னும் பதினைந்துதான் என்று தோன்றியது. அங்கே நேற்று இன்னும் முடியவில்லை, இங்கே அது எப்போதோ போய்விட்டது.

போன வருஷம் ஐந்து இடத்துக்குப் போட்டாள். ஐந்து கட்டணமும் குவைத்திலிருந்து ரெஜினா அக்கா அனுப்பியது. ஐந்து பதிலும் பிப்ரவரியில் வந்தன. எல்லாமே நன்றியோடு ஆரம்பித்தன. எங்கள் துறையின் மீது நீங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி. இந்த ஆண்டு வழக்கத்தைவிட அதிகமான விண்ணப்பங்கள். ஒன்று காலைப் பலகாரத்தின்போது வந்தது, ஒன்று மத்திய பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடமில்லாத பேருந்தில். மூன்றாவதற்குப் பிறகு மின்னஞ்சல் வந்தால் அவள் முதல் சொல்லை மட்டும் பார்ப்பாள். நன்றி என்று இருந்தால் மூடிவிடுவாள். இப்போதும் யாராவது அவளுக்கு நன்றி சொன்னால் நெஞ்சு ஒரு கணம் நின்றுதான் ஓடுகிறது, பால்காரர் சொன்னால்கூட. அக்காவிடம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. அக்கா முதலில், சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு, "அந்தத் தத்துவத்தைப் படிச்சு என்னடி பண்ணப் போற? சும்மா கேக்குறேன், கோச்சுக்காத" என்றாள். ஜெசிந்தா பதில் சொல்லத் தொடங்கி, ஒரு மனிதர் சொல்வதை இன்னொருவர் ஏன் நம்புகிறார், அந்த நம்பிக்கைக்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் போய், பாதியில் நிறுத்தினாள். அக்கா சிரித்தாள். "எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா நீ பேசறப்ப உன் குரல் மாறுதுடி. இன்னொரு தடவ போடு. ஒரே இடம். இதான் கடைசி." குவைத்தில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அக்காவின் முதுகு போய்விட்டது. இந்த டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் போன வாரம் வேறு மாதிரி பேசினாள். "நீ எல்லாத்தையும் ஒழுங்கா அனுப்பிட்டன்னா நான் இன்னும் ரெண்டு வருஷம் எழுதிக் குடுத்துடறேன். இடம் கெடச்சா டிக்கெட்டு, குளிருக்குத் துணி, மொத ரெண்டு மாச வாடகைன்னு எவ்வளவு இருக்கு. பதினாறாந்தேதி காலைல இங்க ஆபீஸ்ல கேப்பாங்க. நீ கரெக்டா அனுப்பிடுவல்ல?" அனுப்பிடுவேன்க்கா. அதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவளுடைய பங்கு எல்லாம் போய்விட்டது, கட்டுரை, மதிப்பெண் பட்டியல், நோக்க அறிக்கை, எல்லாம். மிச்சம் இருப்பது தணிகாசலம் சாரின் மருமகள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான். இரண்டு பேருடைய முதுகும் இப்போது அந்த விரலின் மேல் இருந்தது.

அந்தக் கடிதத்தை சார் எழுதவில்லை, அவள்தான் எழுதினாள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். சிபாரிசுக் கடிதம் என்று போய் நின்றால், "நீயே எழுதிக் கொண்டாம்மா, பாத்துட்டு அனுப்பிடறேன். உன்னப் பத்தி உன்ன விட யாருக்குத் தெரியும்?" என்பார். அதைச் சொல்லும்போது ஏதோ பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்ட மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். உண்மையில் அது பெரிய விஷயம்தான். அதற்காகவே இருபத்து நாலு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி அந்த விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறாள்: ஒருவர் தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது, சாட்சி என்றால் வேறோர் இடத்தில் நின்று பார்த்தவராக இருக்க வேண்டும் என்று. கூடவே தனக்குத் தானே சாட்சியாக எழுதிய கடிதம். யாராவது கேட்டால் சிரிப்பார்கள். அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த இரண்டு வருஷத்தில் மற்றவர்களுக்கும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள்; சாரின் குரல் அவளுக்கு அவ்வளவு வசப்பட்டிருந்தது. யார் யாரையோ மேதை என்று எழுதினாள். வகுப்பில் தூங்கிவிழுந்த ஒருவனைப் பற்றி, ஆழ்ந்த மௌனம் கொண்டவன் என்று எழுதினாள்; அவன் கனடா போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனால் தன்னைப் பற்றி என்று உட்கார்ந்தால் கை வராது. போன வருஷம் தன்னைப் பற்றி எழுதியது: கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், பணிவானவர். வேலைக்காரிக்குக் கொடுக்கிற சான்றிதழ். ஐந்து நன்றிகள் வந்தபிறகு ஹைதராபாத்தில் பேராசிரியராக இருக்கிற மைதிலி மேடம்தான் அதைப் பார்த்துவிட்டு உடைத்துச் சொன்னார். "உன் கட்டுரையில குறையில்ல ஜெசி. இந்த லெட்டர்தான். இதுல பேசறது யாருன்னே தெரியல. அவருக்கு உன்னப் பத்தி நெசமா என்ன தோணுதுன்னு ஒரு வரி இருந்தா போதும். அந்த ஒரு வரியைத்தான் அங்க தேடிப் படிப்பாங்க."

நடக்க வேண்டும். இரண்டாவது வரிசைக் கடைசியில், சுவரை ஒட்டி, தேறாமல் போன பழைய பாடத்தை எழுத வந்த ஒரு பெண் இருந்தாள், நுழைவுச்சீட்டில் யோகாம்பிகை. மற்றவர்கள் தலையே நிமிராமல் எழுதிக்கொண்டிருக்க இவள் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் சுற்றுச்சூழல் கல்வி. விடைத்தாளில் மூன்று பத்தி எழுதி, நடுவில் நாலு விரல் அளவுக்கு வெறுமையாக விட்டு, அதன் கீழே அடுத்த விடையைத் தொடங்கியிருந்தாள். ஜெசிந்தா குனிந்து, "இங்க ஏன் இடம் விட்டிருக்க?" என்று மெல்லக் கேட்டாள். கேட்டிருக்க வேண்டியதே இல்லை. "நாலாவது பாயின்ட் ஞாபகம் வரல மேடம். வந்தா எழுதிக்கலாம்னு விட்டு வெச்சிருக்கேன்." "மறந்துடப் போற." "மறக்க மாட்டேன் மேடம். மூணாவது தடவயா எழுதறேன்." ஜெசிந்தா நிமிர்ந்து மூன்று எட்டு வைத்தாள். நாலாவது எட்டுக்குக் கால் எழவில்லை. இடம் விட்டது. அவளும் ஓர் இடம் விட்டிருந்தாள்.

ஒரு மாதத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோயிலுக்குப் போய்விட்டு வந்து அம்மா படுத்துவிட்டாள், ஜெசிந்தா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினாள். இரண்டாவது பத்தி வரை தடையில்லாமல் வந்தது. மூன்றாவதில் அந்த வரி வர வேண்டும். முப்பத்தொரு வருஷம் பாடம் சொன்ன ஒருவர் தன் மாணவியைப் பற்றிச் சொல்லும் வரி. எழுதினாள், அழித்தாள். எழுதினாள், அழித்தாள். சொந்த வாயால் தன் கன்னத்தைத் தானே முத்தமிடப் பார்ப்பதுபோல இருந்தது. கடைசியில் சதுர அடைப்புக்குறி போட்டு, உள்ளே, ஆங்கிலத்திலேயே, மற்ற வரிகள் இருந்த அதே எழுத்தில் அதே அளவில் எழுதினாள்: சார், இந்த இடத்தில் என்னைப் பற்றி உங்களுக்கு உண்மையாக என்ன தோன்றுகிறதோ அதை ஒரே ஒரு வரி நீங்களே எழுதிவிடுங்கள், என்னால் எழுத முடியவில்லை, ஜெசிந்தா. கண்ணில் படும்படி அதன் மேல் மஞ்சள் நிறம் பூசலாமா என்று யோசித்தது இப்போது அப்படியே வருகிறது, மேஜையில் கிடந்த ஆரஞ்சுத் தோலின் வாசனையோடு வருகிறது. மஞ்சள் பூசினால், சார், நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். பெரிய மனிதருக்கு அப்படியா செய்வது? விட்டுவிட்டாள். அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து அவராகவே கூப்பிட்டு, "லெட்டர் ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்றார். அதில் நிம்மதியாகி, அதற்குப் பிறகு போட்டாரா போடவில்லையா என்ற ஒரே பயத்தில் இந்த ஒரு மாதமும் ஓடிவிட்டது. நல்லா வந்திருக்கு. அப்படியானால் படித்திருக்கிறார். படித்திருந்தால் அந்த இடத்தைப் பார்த்திருப்பார், பார்த்திருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், சொல்லவில்லை. சொல்லாமல் எழுதியிருக்கலாம். சார் அப்படிப்பட்டவர்தான், நல்லதைச் சொல்லாமல் செய்கிறவர். அல்லது முதல் பத்தியைப் பார்த்துவிட்டு, ஜெசிந்தா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று மூடி வைத்திருக்கலாம். அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார். கனடா போனவனின் கடிதத்தை அவர் படிக்கவே இல்லை. அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். அதைப் பெருமையாக நினைத்தவள் அவள்தான். இத்தனை வருஷமும், நீ எழுதினால் நான் பார்க்க வேண்டியதில்லை என்று அவரைப் பழக்கியவள் அவள்தான். கையிலிருந்த கூடுதல் தாள்கள் ஈரமாகியிருந்தன.

கடிகாரம் பத்து பதினொன்று காட்டியது. அப்படியானால் பத்து ஐந்து, அல்லது ஏழு. இதுவரை போட்டுவிட மாட்டாரா என்று தவித்தவள், இப்போது போட்டுவிடக் கூடாதே என்று தவித்தாள். ஆண்டவரே, மருமகளுக்கு ஏதாவது வேலை வரட்டும். கரண்ட் போகட்டும், கடவுச்சொல் மறுபடியும் துவைக்கப் போகட்டும். சார் வீட்டில் எந்தத் தீங்கும் வர வேண்டாம், சின்னதாக ஏதாவது. ஆனால் போடாவிட்டாலும் விண்ணப்பம் செத்ததுதான். போட்டால்? அமெரிக்காவில் ஒரு மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். இதுவரை யாரும் கேட்டறியாத ஒரு பெயர். முதல் பத்தி, இரண்டாம் பத்தி. மூன்றாவதில் அடைப்புக்குறி. ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். இன்னொருவர் வாங்கிப் பார்ப்பார். சிரிப்பார்களா? சிரிக்கவே மாட்டார்கள், அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஏமாற்று என்று பெயர் வைத்து ஓரமாக வைப்பார்கள். அவள் பெயரை எங்காவது எழுதி வைப்பார்களா? பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளுமா? சாருடைய பெயரும் அதில் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம். அவர் பெயரில் இனி யாருக்குக் கடிதம் போனாலும்? வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. தண்ணீர்க் குடத்தோடு கல்லூரிப் பணிப்பெண் மரியபுஷ்பம் அக்கா வாசலில் வந்து நின்றாள். ஜெசிந்தா அவளருகில் போய், உதட்டை அசைக்காமல், "அக்கா, சிஸ்டர் ரூம்ல டின்னுக்குள்ள என் போன் இருக்கு. நீல உறை. எப்படியாவது எடுத்துட்டு வர முடியுமா? ஒரே ஒரு நிமிஷம்" என்றாள். மரியபுஷ்பம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயோ மேடம், என்ன பேசுறீங்க. ஸ்குவாட்டு கீழ வந்து உக்காந்து காபி குடிச்சிட்டிருக்கு. வீட்ல யாருக்காச்சும் முடியலையா?" "இல்லக்கா." "அப்ப எதுவா இருந்தாலும் பன்னெண்டரைக்குப் பாத்துக்கலாம் மேடம். போனு எங்க ஓடிடப் போகுது?" மாற்றுக்கு இன்று ஆள் இல்லை. தானே இறங்கி ஓடலாம். முப்பது பேரையும் விட்டுவிட்டு ஓடினால் நாளைக்கு இந்த வேலை இருக்காது. ஓடலாம் என்று தோன்றும்போதே ஸ்குவாட் படி ஏறுகிற சத்தம் கேட்டது.

இரண்டு ஆண்களும் ஓர் அம்மாவும், பல்கலைக்கழகத்தின் பறக்கும் படை. முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு மேஜையாகத் தடவிப் பார்த்தார்கள். நுழைவுச்சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் பேனாவைக் கழற்றி உள்ளே பார்த்தார்கள். யோகாம்பிகையின் விடைத்தாளை எடுத்த அந்த அம்மா, அந்த வெறும் இடத்தின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்றார். "விட்டு வெச்சிருக்கேன் மேம்." "எழுதிடு. இல்லன்னா கோடு போட்டு அடிச்சிடு. இடம் விட்டு வைக்கிற பழக்கமெல்லாம் ஆகாது." பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "நீங்க இதெல்லாம் கவனிக்கறதில்லையா மேடம்?" என்றார். "கவனிக்கிறேன் மேடம்" என்றாள். தன் குரல் அவளுக்கே எங்கோ பக்கத்து அறையிலிருந்து வந்தது போலிருந்தது. அவர்களுக்குப் பின்னால் கடிகாரம் பத்து முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. முப்பத்து நாலு. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அறைக்குள் எதுவும் மாறவில்லை. மின்விசிறி சுற்றியது. பேனாக்கள் எழுதின. அங்கே அந்தக் கதவு மூடியதற்கு இங்கே ஒரு சத்தமும் இல்லை. ஸ்குவாட் போனபிறகு மழை பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் மூன்று வரிசையையும் எத்தனை தரம் சுற்றினாள் என்று தெரியாது. இரண்டு தட்டில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். போடவில்லை என்றால் அவள் தோற்றாள், அவ்வளவுதான். அக்காவிடம், "சார் மறந்துட்டார்க்கா" என்று சொல்லிவிடலாம். அக்கா சாரைத் திட்டுவாள். திட்டட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஊருக்கு வந்துவிடுவாள். முதுகுக்கு வைத்தியம் பார்க்கலாம். போட்டிருந்தால், அந்த வரியையும் அவர் எழுதியிருந்தால், அதைப்போல வேறு ஒன்றும் வேண்டாம். என்ன எழுதியிருப்பார்? சாருக்கு வளைத்து எழுத வராது; சின்ன வரியாகத்தான் இருக்கும். அந்தச் சின்ன வரியை ஆசையோடு நினைத்துப் பார்த்தாள். உடனே பயம் வந்து அதை எடுத்துக்கொண்டது. படித்திருப்பார். படித்திருக்க மாட்டார். நல்லா வந்திருக்கும்மா என்று சொன்னபோது பின்னணியில் டிவி ஓடியது. டிவி ஓடினால் படிக்கவில்லை என்று அர்த்தமா? படித்துவிட்டுப் பிறகு டிவி போட்டிருக்கலாம். ஒரு வார்த்தை, படிச்சீங்களா சார் என்ற ஒரே வார்த்தை, அன்றைக்குக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். தொண்டை வரை வந்தது. மாணவி ஆசிரியரிடம் கேட்கிற கேள்வியா அது? அவர் அவளிடம் கேட்கலாம், அவள் அவரிடம் கேட்கக் கூடாது. ஏன் கூடாது? யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை; இங்கே எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏன் நம்புகிறார் என்று இருபத்து நாலு பக்கம் எழுதியவளுக்கு, ஒரு மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கத் தைரியம் வரவில்லை. எரிச்சல் பொங்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ஒரு பெண் கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டரை ஆவதற்குச் சற்று முன் எச்சரிக்கை மணி அடித்தபோது யோகாம்பிகையின் மேஜையருகே போய் நின்றாள். அந்த இடம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. "யோசி. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றாள். தேவைக்கு மேல் கெஞ்சலாக ஒலித்தது. "வரல மேடம்." "ஏதாவது எழுது. உனக்கு என்ன தோணுதோ அத எழுது." அந்தப் பெண் விநோதமாக அவளைப் பார்த்தாள். பிறகு பென்சில் பெட்டியைத் திறந்து, அளவுகோலை வைத்து, அந்த இடத்தில் மூலைக்கு மூலை நேராக ஒரு கோடு இழுத்தாள். "பரவால்ல மேடம். மத்ததெல்லாம் நல்லா எழுதியிருக்கேன். பாஸாயிடும்" என்று விடைத்தாளை நீட்டினாள். ஜெசிந்தா முப்பதையும் எண்ணி, வரிசைப்படி அடுக்கி, கட்டி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

சிஸ்டர் பிரிஜித் கட்டை வாங்கி வைத்துவிட்டு, இந்த அறையில் முறைகேடு எதுவும் நடக்கவில்லை என்ற படிவத்தை எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் டின் திறந்தது. நீல உறை அடியில் கிடந்தது. முதலில் அக்காவின் செய்தி, பத்தே கால். 'கையெழுத்து போட்டுட்டேன்டி. ரெண்டு வருஷம். முதுகுக்கு பெல்ட் வாங்கிக்கறேன், நீ கவலப்படாம ரெடியாகு.' விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தாள். மூன்று பெயர்கள், மூன்றும் பச்சை. பச்சையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாக ஏங்கியிருந்தாள். செய்திகளுக்குத் திரும்பினால், அக்காவுடையதற்குக் கீழே தணிகாசலம் சாரின் செய்தி, ஒன்பது ஐம்பத்திரண்டு. அவள் யோகாம்பிகையிடம் குனிந்து கேட்பதற்கு முன்பே, அந்த இடம் நினைவுக்கு வருவதற்கு முன்பே, எல்லாம் முடிந்து போயிருந்தது. சார் தமிழில் நிறுத்தி நிதானமாகத் தட்டியிருந்தார். 'அம்மா ஜெசிந்தா, உன் லெட்டரை மருமகள் இப்போது ஏற்றிவிட்டாள். நீ அனுப்பியதை அப்படியே போட்டாயிற்று, ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. நீ எழுதினால் நான் பார்க்க என்ன இருக்கிறது? இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. முப்பத்தொரு வருஷத்தில் என்னோடு மறுத்துப் பேசி என்னை மறுபடியும் படிக்க வைத்தது நீ ஒருத்திதான். நல்லபடியாகப் போய் வா.'

அவள் அதை மூன்று தரம் படித்தாள். மறுத்துப் பேசினாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். எப்போதோ, இரண்டாம் வருஷம், நூலகத்தில் அவரோடு ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடியதும், அடுத்த வாரம் அவர் பழைய புத்தகம் ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்ததும் நினைவு வந்தது. அதை அவர் மனதில் வைத்திருந்தார். ஒரே ஒரு வரி. நெஞ்சில் அது போய் விழுந்த இடம் வலித்தது. "என்ன மேடம், நல்ல சேதியா?" என்றார் சிஸ்டர் பிரிஜித். ஜெசிந்தா தலையாட்டினாள். ரொம்ப நன்றி சார் என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிய கையோடு பக்கத்தில் இரண்டு குறிகளும் நீலமாயின. இதை அவர் படித்துவிட்டார்.